வெட்டக் கூடாத மாத்திரை

காலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா போடும்போது தையல்காரருக்கு ஊசி இரண்டாகத் தெரிந்தது; தலை சுற்றியது. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. நேரே மருந்துக் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கடைக்கார அம்மா அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"அண்ணே, இதை முழுசாத்தானே போடுறீங்க?"

"பாதிதான். துணி வெட்டுற கைம்மா இது, ஒரு நூல் பிசகாது."

"ஐயோ, வெட்டவே கூடாதுண்ணே! நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமாக் கரையணும்னு செஞ்ச மாத்திரை. வெட்டினா மருந்து மொத்தமா இறங்கிடும். அதான் தலை சுத்துது. மீதிப் பாதி என்ன ஆகுது?"

"வீட்டுக்காரிக்கு. அவளுக்கும் சர்க்கரைதானே? விக்கிற விலைக்கு ரெண்டு பேருக்கும் தனித்தனியா எங்க வாங்குறது?"

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். வெட்டினால் வரும் வினையை மறுபடியும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். சட்டைக்கு அளவு கேட்டுக்கொள்வதுபோல் தையல்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டார். முகம் தெளிந்தது.

"சரிம்மா, இனிமே கத்திரி வைக்க மாட்டேன். இன்னைக்கு முழுசா நான் போட்டுக்குறேன். நாளைக்கு முழுசா அவ."