பதினெட்டாவது சேஃப்டி

நஞ்சுண்டன் என்ன வேலை பார்க்கிறார் என்பது டெக்சஸ் ஃபிரிஸ்கோ தமிழர்களுக்குப் பல வருடம் பிடிபடவே இல்லை. ஊரே லேப்டாப்பில் கோடு எழுதிக்கொண்டிருக்க, இந்த மனிதர் மட்டும் கல்லூரிப் பையன்கள் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற வீடியோவை நாள் முழுக்க முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, இவன் முதலாவது, இவன் நாற்பதாவது என்று வரிசை போடுகிறார், அதற்குச் சம்பளமும் வாங்குகிறார் என்றால் யார் நம்புவார்கள்? பிறந்தநாள் விழாக்களில் ஆண்கள் ஒதுங்கி நின்று கிரீன் கார்டைப் பற்றிப் பேசும்போது, "நீங்க இன்னும் அந்த மேட்ச் பாக்குற வேலைதானா?" என்று யாராவது கேட்பார்கள். அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு சமோசாவை எடுத்துக்கொள்வார்.

வேலை லேசுப்பட்டதல்ல. ஏப்ரல் கடைசியில் தொழில்முறை அணிகளெல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து, ஏழு சுற்றுகளில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கும். அதைத்தான் டிராஃப்ட் என்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டால் பையனுக்கு ஒரு வாழ்க்கை திறக்கும். கூப்பிடாவிட்டால் பெரும்பாலும் அத்தோடு சரி. அணிகளுக்குச் சொந்த ஆட்கள் உண்டு என்றாலும், கடைசிச் சுற்றுகளில் எல்லாப் பையன்களும் ஒரே மாதிரித் தெரிய ஆரம்பிக்கும்போது வெளியார் போட்ட வரிசையையும் புரட்டிப் பார்ப்பார்கள். நஞ்சுண்டனின் கம்பெனி அணிகளுக்கு விற்பது அந்த வரிசையைத்தான். அதில் தடுப்பாட்டக்காரர்கள் முழுக்க அவர் பொறுப்பு. முதலில் அங்கே வீடியோ மென்பொருள் எழுதத்தான் சேர்ந்தார். ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்தபோது சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு 'நஞ்சு என்ன சொல்றான்?' என்று கேட்டுவிட்டு முடிவெடுக்கும் நிலைக்கு வந்தார்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் எடுத்த பெயர் என்பதில் அவருக்குத் தலைக்கு மேல் பெருமை இருந்தது.

இந்த வருடம் அந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பையன் வந்து நின்றான்.

முகிலன், வெள்ளியங்கிரிக்கும் வசந்தாமணிக்கும் ஒரே மகன். நஞ்சுண்டன் வீட்டிலிருந்து காரில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும் புதுக் குடியிருப்பில் வீடு. இரு குடும்பமும் கோபிப் பக்கம் என்பதால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போக்குவரத்து உண்டு. மற்றப் பிள்ளைகள் ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் போன வயதில் இவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோதப் போனான். பையன் மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறான் என்று ஊர் பேசியது. கல்லூரி அணியில் இடம் கிடைத்ததும் அதே ஊர் கூட நின்று செல்ஃபி எடுத்தது. அவன் ஆடுவது சேஃப்டி என்ற இடத்தில், அதாவது தடுப்பவர்களில் கடைசி ஆள். அவனைத் தாண்டிவிட்டால் பிறகு தடுக்க யாரும் கிடையாது.

நஞ்சுண்டன் அவனுடைய எல்லா ஆட்டங்களையும் பார்த்தார். தெரிந்த பையன் என்பதால் தன் கண்ணையே சந்தேகப்பட்டு இரண்டாவது முறையும் பார்த்தார். அந்தப் பையனிடம் ஒரு விஷயம் இருந்தது. பின்னோக்கி ஓடிக்கொண்டிருப்பான், பந்து திடீரென்று மறுபக்கம் போகும், ஓட்டம் ஒரு இம்மிகூடக் குறையாமல் இடுப்பைத் திருப்பிப் பந்துக்குப் போய்விடுவான். சொல்லிக் கொடுத்து வருகிற வித்தை இல்லை அது. நாட்டில் உள்ள அத்தனை சேஃப்டிகளையும் அடுக்கிப் பார்த்து, முகிலனை எட்டாவதாக வைத்தார். நான்காவது சுற்றில் போய்விடுவான் என்று நினைத்தபோது அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கெடுதல் ஹனுமான் கோயிலில் ஆரம்பித்தது. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பிரசாதத் தட்டோடு நின்றவரிடம் வசந்தாமணி வந்தாள். பையன் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்திருப்பதைச் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க இருக்கீங்கங்கற தைரியந்தானுங்கண்ணா. பையனக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள். தாய் கேட்பது தப்பா? அவள் என்ன, லஞ்சமா கொடுத்தாள்? ஆனால் அந்தப் 'பாத்துக்கோங்க' நஞ்சுண்டனின் காதில் விழுந்த கணத்திலிருந்து, தானாகப் போட்ட எட்டாம் இடம் அவருக்கே சிபாரிசு மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மார்ச்சில் வரிசையை இறுதி செய்யும் கூட்டம் நடந்தது. பெரிய திரையில் பெயர்களை ஓட்டிக்கொண்டே வந்த டெரக், அவருடைய மேலாளர், முகிலன் பெயரில் நிறுத்தி, இவன் உங்கள் கோயில் பையனா நஞ்சு என்று கேட்டான். அறை சிரித்தது. டெரக் கெட்டவன் இல்லை. அந்தப் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்கக்கூட முயன்றான். சிரிப்பு அடங்கி அடுத்த பெயருக்கும் போய்விட்டார்கள். யாரும் மாற்றச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஜார்ஜியாக்காரன் வருடா வருடம் தன் ஊர்ப் பையன்களை வரிசையில் தூக்கி வைப்பான். அதற்குப் பெயர் ஊர்ப்பாசம்; எல்லோரும் தட்டிக்கொடுப்பார்கள். இதெல்லாம் நஞ்சுண்டனுக்கு ரொம்பப் பிந்தித்தான் உறைத்தது. அன்றைக்கு அவருக்குக் காது மடல் சுட்டது, அவ்வளவுதான். தன் இடத்துக்குத் திரும்பியதும் முகிலனை எட்டிலிருந்து பதினெட்டுக்கு இறக்கினார்.

இறக்கினால் காரணம் எழுத வேண்டும். பையனிடம் குறை தேடினார். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில், இடுப்பு இறுக்கம், திரும்பும்போது ஒரு எட்டு பிந்துகிறான் என்று எழுதினார். எது அவனுடைய பலமோ அதையே குறையாக எழுதினார். பிடித்த பையன் என்பதால் மிகையாக மதிப்பிட்டிருப்போம், இப்போதுதான் சரிசெய்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடுநிலைமை என்ற நல்ல வார்த்தை ஒன்று இருக்கிறதே, அதைப் போர்த்திக்கொண்டு அன்று நிம்மதியாகவும் தூங்கினார்.

டிராஃப்டின் மூன்றாம் நாள் சனிக்கிழமை. நான்காவது சுற்றிலிருந்து மிச்சமெல்லாம் அன்றைக்குத்தான். காலையிலேயே வந்துவிட வேண்டும் என்று வசந்தாமணி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள். மனைவி சன்னிவேலில் மகள் வீட்டில் இருந்ததால் சாக்குச் சொல்லவும் ஆளில்லை. போனால் வாசலில் காலடி வைக்க இடமில்லாமல் செருப்பும் ஷூவும். பிரியாணி டிரேக்கள், மசால் வடை, டிவிக்கு முன்னால் சோபாவில் இடம் ஒதுக்கி வைத்து, "நம்ம எக்ஸ்பர்ட் வந்தாச்சு" என்று வெள்ளியங்கிரி அவரைக் கைப்பிடித்து உட்கார வைத்தார். முகிலன் தரையில் காலை நீட்டி, மடியில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தான். அங்கிள் என்று சிரித்தான். நஞ்சுண்டனால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

நான்காவது சுற்று போனது. ஐந்தாவதும் போனது. ஒவ்வொரு பெயர் வரும்போதும் கூட்டம் மூச்சைப் பிடித்து, பிறகு பரவாயில்லை பரவாயில்லை என்று தானே தேற்றிக்கொண்டது. முகிலனைவிடச் சுமாரானவர்கள் என்று நஞ்சுண்டனுக்கு நிச்சயமாகத் தெரிந்த மூன்று சேஃப்டிகள் அவர் கண்ணெதிரே போனார்கள். கடித்த வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

ஆறாவது சுற்று நடந்துகொண்டிருக்கும்போது அவர் ஃபோன் அடித்தது. மார்கஸ், ஓர் அணிக்கு ஆள் பார்த்துச் சொல்பவன், பழைய சிநேகிதன். நஞ்சுண்டன் எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்புறத் தோட்டத்துக்குப் போனார். மார்கஸ் அவசரத்தில் இருந்தான். அடுத்த தேர்வு எங்களுடையது, சில நிமிடம்தான் இருக்கிறது, மேசையில் இரண்டு சேஃப்டிகள், ஒருவன் ஒஹையோக்காரன், இன்னொருவன் உன் டெக்சஸ் பையன் என்றான். எங்கள் கோச்சுக்கு உன் பையனைத்தான் பிடித்திருக்கிறது, இடுப்பைப் பற்றி நீ எழுதியது ஒன்றுதான் இடிக்கிறது, அதில் நீ இன்னும் நிற்கிறாயா என்று கேட்டான்.

இதைவிடத் தெளிவாகக் கடவுள் வந்து கேட்க முடியாது. இல்லை, நான் எழுதியது தப்பு என்ற ஒரே ஒரு வாக்கியம் போதும். நஞ்சுண்டன் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வசந்தாமணி கையில் கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பையனுடைய வீட்டில், அவன் அம்மா போட்ட சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்து, பேச்சை மாற்றிச் சொன்னான் என்று நாளைக்கு ஒரு வார்த்தை கிளம்பினால்? இத்தனை வருடப் பெயர் என்ன ஆகும்? கோயில் பையன் என்று அறை சிரித்தது ஞாபகம் வந்தது. வாய் முந்திக்கொண்டது. எழுதியது எழுதியதுதான், அதில் மாற்றமில்லை என்றார். மார்கஸ் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

கதவு திறந்தது. "ஏனுங்கண்ணா, டீம்ல இருந்துங்களா?"

அவர் தலையசைத்தார்.

"நம்ம பையனப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

அவள் இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்டு வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. வெள்ளியங்கிரி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார். நஞ்சுண்டன் உள்ளே வந்து அதே சோபாவில், அதே இடத்தில் உட்கார்ந்தார். உட்காராமல் எங்கே போவது? திரையில் அடுத்த பெயர் வந்தது. ஒஹையோப் பையன். அது எந்த அணி, என்ன நடந்தது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஏழாவது சுற்றும் முடிந்தது. முகிலன் பெயர் வரவில்லை. வந்தவர்கள் வெள்ளியங்கிரியின் தோளைத் தட்டிவிட்டு, மிச்சப் பிரியாணியை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெயில் இன்னும் தாழவில்லை. பையனின் ஏஜென்ட் ஃபோன் பண்ணி, ஓர் அணி மே மாதம் இரண்டு நாள் வந்து ஓடிக் காட்டச் சொல்கிறது, ஒப்பந்தம் எதுவும் கிடையாது, பிடித்தால் வைத்துக்கொள்வார்களாம் என்று சொன்னான். வசந்தாமணி அடுப்படியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நஞ்சுண்டன் விடைபெறப் போனபோது, "நீங்க உங்களால ஆனதச் செஞ்சீங்கண்ணா. எங்களுக்குக் குடுத்துவைக்கல" என்றாள். அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

முகிலன்தான் அவரைப் பின்பக்கம் கூப்பிட்டான். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பையன், இன்றைக்குத் தடுமாறித் தடுமாறித் தமிழில் பேசினான்.

"அங்கிள், நீங்க என் கேம் வீடியோ எல்லாம் பாத்திருப்பீங்க. என்ன ராங்? ஆனெஸ்ட்டா சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லமாட்டேன்."

ஒரு குறையும் இல்லைப்பா என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்புறம் ஏன் என்று வரும். அந்த 'ஏன்' வரைக்கும் போக நஞ்சுண்டனுக்குத் தைரியம் இல்லை.

"ஹிப்ஸ்" என்றார். "திரும்பறப்ப கொஞ்சம் ஸ்டிஃப் ஆகுது. ஒரு ஸ்டெப் லேட்."

பையன் அவரை உற்றுப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் எதுவும் இல்லை, அதுதான் கொடுமை.

"ரியலி? எங்க காலேஜ் கோச் அதுதான் என் பெஸ்ட் திங்னு சொல்வாரு. நாலு வருஷமா." இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டான். "சும்மா நைஸா இருக்கணும்னு சொல்லியிருக்காரு போல."

நஞ்சுண்டனுக்கு யாரென்றே தெரியாத அந்தக் கோச், கண்ணால் பார்த்ததை வாயால் சொன்ன மனிதன், அந்த நிமிடத்தில் பொய்யனாகிப் போனான்.

முகிலன் சாக்ஸ் காலோடு புல்லில் இறங்கினான். வேலியிலிருந்து பின்னோக்கி ஓடி வந்து, சட்டென்று இடுப்பைத் திருப்பி மறுபக்கம் பாய்ந்தான். வேகம் துளியும் குறையவில்லை. அத்தனை அழகாக இருந்தது. திரும்பி நின்று, மூச்சு வாங்க, "இப்ப?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடி வேலிக்குப் போனான். இந்த முறை தன் இடுப்பையே குனிந்து பார்த்துக்கொண்டு, யோசித்து யோசித்துத் திரும்பினான். ஒரு எட்டு பிந்தியது.