ஒரு இஞ்ச் லூசு

மனநல ஆலோசகரின் அறை மூலையில் எங்கள் தையல் கடைப் பையைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. மூன்று வாரமாக அந்த அம்மாவிடம் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டியிருக்கிறேன். நாலு பேர் பார்த்தால் கை நடுங்குகிறது, யார் சிரித்தாலும் என்னைத்தான் என்று தோன்றுகிறது என்று. அவரோ எங்கள் கடைக்கே வருகிறவர். முதலாளியம்மாவிடம் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் போதும், என் வேலை போச்சு.

“கடையில இருக்கறவங்க உங்களைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு எப்படித் தெரியும்?” என்றார் ஆலோசகர்.

“தெரியும்.”

“கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்பதாம். பாம்புப் புற்றில் கையை விடச் சொல்கிறார். அடுத்த தடவை சந்தேகம் வந்தால் ஓடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை இப்போதே எழுதி வையுங்கள் என்றார். ‘பைத்தியம்னு சொல்லி அனுப்பிடுவாங்க’ என்று எழுதினேன். அதையும் அவர் கவனமாகப் படித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். என் மேஜை தடுப்புக்குப் பின்னால். நானே கேட்டு வாங்கிய இடம். அந்தப் பக்கம் முதலாளியம்மாவின் குரல்.

“சரியான லூசு.”

“எத்தனை நாளைக்குத்தான் மூடி மறைக்கிறது?” இது ஊசி. தையல்கார அக்காவுக்கு, குத்திக் குத்திப் பேசும் அவள் வாயால் வந்த பெயர்.

“இன்னைக்குப் பிடிச்சிடு.”

கத்தரியை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். பின்வாசல் நாலு எட்டுதான். ஆனால் பத்து வருடம் உழைத்த இடத்திலிருந்து திருடி மாதிரி ஓடுவதா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் தடுப்பைத் தாண்டினேன்.

“யாரு லூசு, அக்கா?” என் குரல் கீச்சென்றது.

ஊசியின் கையில் ஒரு சட்டை, இரண்டு பக்கமும் குண்டூசி குத்தியிருந்தது.

“இதுதான். நீ வெட்டினது.”

“எல்லாத்துலயும் ஒரு இஞ்ச் லூசு,” என்றார் முதலாளியம்மா. “ஆறு மாசமா இவதான் பிடிச்சுப் பிடிச்சுத் தைக்கிறா. உன்னைக் கேக்கலாம்னா நீ நிமிந்தே பாக்க மாட்டேங்கிற. கோவக்காரின்னு நாங்களும் ஒதுங்கிப் போறோம்.”

நானா கோபக்காரி? இவர்களும் என்னைச் சந்தேகித்தார்களா? ஆனால் அந்த ஒரு இஞ்ச் உண்மை, நானே பயந்து கூட்டி வெட்டியது. இறுக்கமாக இருந்தால் யார் வெட்டியது என்று வாடிக்கையாளர்கள் வந்து கேட்பார்கள். லூசாக இருந்தால் மெலிந்துவிட்டோம் என்று சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

“பயம்மா,” என்றேன். “அதுக்கு ஒரு ஆலோசகர்கிட்ட போய்ட்டிருக்கேன்.”

“எந்த ஆலோசகர்?” என்றார் முதலாளியம்மா. முகத்தை உற்றுப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல,” என்று ஊசி தன் விரல்களைக் காட்டினாள். குத்துப்பட்ட தடங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலாளியம்மா டேப்பை நீட்டினார். “நாங்க எழுதிக் குடுக்குற அளவை நீ நம்பல. இனிமே நீயே எடு.”

அடுத்து வந்தவள் ஒரு பெரிய உடம்புக்காரி. அவள் கண்ணைப் பார்க்காமலே டேப்பை விரித்தேன். இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என்ன திமிர் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், வயிற்றை உள்ளிழுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கழுத்தெல்லாம் வியர்வை.

அவள் பயந்தது என்னைப் பார்த்து.

“மூச்சை விடுங்க,” என்றேன். “நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்.”