நன்றாக இருக்கிறேன் என்றார் மாமனார்

பன்னிரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. வீடு வீடாகப் போய், யாருக்கு அரசு உதவி வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று படிவத்தில் குறிப்பது. குழந்தைக்குச் செய்தால் முதலீடு, கிழவருக்குச் செய்தால் செலவு என்பது அவள் துறையின் கொள்கை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவள் ஒரு பாடம் வைத்திருந்தாள்: வீட்டுக்காரர்களை நம்பாதே, ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வார்கள், பெரியவரையே கேள்.

இப்போது அந்தப் படிவம் அவள் வீட்டுக்கே வந்தது. மாமனாருக்கு மறதி. போன மாதத்தில் இரண்டு முறை கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்துவிட்டார். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளத் துறை ஓர் ஆளைத் தராவிட்டால் அவள் வேலையை விட வேண்டியதுதான். கணவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் சம்பளத்தில்தான் அங்கே அடுப்பெரிந்தது. இரண்டு வயது மகள் பகலெல்லாம் அரசு காப்பகத்தில்.

ஆய்வுக்கு வந்தவள் அவளிடம் பயின்ற பெண். பாடம் சொல்லித் தந்தவளையே மரியாதையாக உள்ளே போகச் சொல்லிவிட்டு, பெரியவர் எதிரே உட்கார்ந்தாள்.

சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுகிற மனிதர், அதிகாரி வருகிறார் என்றதும் சவரம் செய்து, தலை சீவி, மாப்பிள்ளை மாதிரி தயாராக இருந்தார். தேதியைச் சரியாகச் சொன்னார். பாவி மனிதர், அன்றைக்குப் பார்த்து எல்லாம் ஞாபகம் இருந்தது.

"எனக்கு எதுக்கும்மா ஆளு? பேத்தியையும் நானே பாத்துக்குவேன். மருமக நிம்மதியா வேலைக்குப் போகட்டும்."

மருமகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்கிற பாசம்தான். சமையலறையில் நின்றவளுக்கு எல்லாம் கேட்டது. வெளியே ஓடிவந்து கேஸ் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் சிரித்தாள். எத்தனையோ மருமகள்களிடம் இவளே சிரித்த சிரிப்பு.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. ஆள் தேவையில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெரியவர் இருப்பதால், திங்கள்கிழமை முதல் காப்பக இடமும் வேறொரு குழந்தைக்கு. மேல்முறையீட்டுக்கு நாற்பது நாள்.

அவள் விடுப்பெல்லாம் மாமனாரோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே தீர்ந்திருந்தது. திங்கள்கிழமை காலை சிலிண்டரை மூடினாள். லைட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். பக்கத்து வீட்டில் சொல்லலாம் என்று பார்த்தால் அங்கே பூட்டு.

மாமனார் குழந்தையின் கையைப் பிடித்தபடி வாசல்வரை வந்தார்.

"நீ கவலைப்படாம போயிட்டு வாம்மா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"இது யாரு வீட்டுப் புள்ள?" என்றார்.