ஒரு சொட்டு இறங்காத கவர்

மனிதகுலத்துக்கும் மழைக்கும் இடையே ஆதிமுதல் நடந்துவந்த யுத்தம், குளச்சல் கடற்கரையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவுக்கு வந்தது. வென்றவர் யேசுதாசன். மழைக்குத் தகவல் போகவில்லை.

சவுதி தம்மாமில் கப்பல் பட்டறையில் ரொம்ப வருஷம் இருந்தவர் அவர். என்ன வேலை என்று கேட்டால் "மெரைன்" என்பார்; அதற்குமேல் வாய் திறக்கமாட்டார். ஊர் திரும்பி வாங்கிய புது வள்ளத்தின் அணியத்தில், அதாவது முன்பாதியில், மழைக்குக் கவர் போட இரும்புக் குழாயை வளைத்துக் கூடு கட்டினார். விளிம்பில் தடித்த இரும்புப் பட்டை. அதில் வரிசையாக ஓட்டை போட்டு, கோட்டாற்றில் வாங்கிய பச்சைக் கேன்வாஸை இழுத்து ரிவெட் அடித்தார். ஓட்டை போட்ட வாரம் முழுக்கத் தெருவில் யாரும் மத்தியானம் கண்ணயரவில்லை. கடைசி ஓட்டையோடு டிரில் மெஷின் புகைந்து செத்தது.

"கயிறு போட்டுக் கெட்டினா போதாதா அண்ணே?" என்று கேட்டான் சிலுவைமுத்து. அந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போகவிருந்த ஐந்து பேரில் மூத்தவன்.

"கயிறெல்லாம் கட்டுமரத்துக்குலே. இது மெரைன் ஃபிட்டிங். ஒரு சொட்டு உள்ள எறங்குனா நான் மீசைய எடுக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பெர்லின் வள்ளத்தை மந்திரிக்க வந்தார். ஜெபம் முடித்து அணியத்தின்மேல் தீர்த்தம் தெளித்தார். துளிகள் கேன்வாஸில் உருண்டு மணலில் விழுந்தன.

"பாத்தியளா! ஒரு சொட்டு நிக்கல்ல!" என்றார் யேசுதாசன்.

சிலுவைமுத்து தலையைச் சொறிந்தான். "அப்ப அணியத்துல தீர்த்தம் படல்லியே அண்ணே. மண்ணத்தானே மந்திரிச்சிருக்கு?"

"கேன்வாஸும் வள்ளத்துக்க பாகந்தானேலே?"

"செரி, அப்ப நீங்க கேன்வாஸ்ல ஏறி கடலுக்குப் போங்க. தீர்த்தம் படாத அணியத்துல நான் கால் வைக்க மாட்டேன்."

மற்ற நான்கு தலைகளும் ஆடின. சாளை மீன் ஏறுகிற சமயம். வேறு வள்ளக்காரன் கூப்பிட்டால் ஐந்து பேரும் போய்விடுவார்கள்.

எல்லோரும் ஃபாதரைப் பார்த்தார்கள். அவர் ரோமில் படித்தவர். ரிவெட் அங்கே பாடத்தில் இல்லை. கவருக்குள் நுழைந்து தெளிக்கலாம் என்று குனிந்தவர், வழியை அடைத்துக் கிடந்த வலைக்குவியலைப் பார்த்து நிமிர்ந்துவிட்டார்.

"தீர்த்தத்த எங்கிட்ட தாங்க ஃபாதர், நான் உள்ள போய் தெளிக்கேன்," என்றார் யேசுதாசன்.

"நீரென்ன சாமியாரா ஓய்?" என்றது கூட்டம்.

கவரைக் கழற்றலாமென்றால் ரிவெட்டைத் துளைத்தெடுக்க டிரில் இல்லை. யேசுதாசன் தொண்டையைச் செருமினார்.

"செலப்போ... ரிவெட் ஓட்ட வழியா லேசா எறங்கும்."

"ஒரு சொட்டு எறங்காதுன்னு சொன்னீங்க?" என்றான் சிலுவைமுத்து.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது மக்கா."

யாரும் நம்பவில்லை. கடைசியில் அவருடைய மனைவி சகாயசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலைக்குவியலின்மேல் தவழ்ந்து உள்ளே போனாள். யேசுதாசன் கண்ணை மூடினார். தன் வேலை உருப்படாமல் போயிருக்கவேண்டும் என்று சூசையப்பரிடம் அவர் வேண்டியது அதுதான் முதல் தடவை.

"ஏட்டி, எப்பிடி இருக்கு?"

"அய்யோ, கொளம்போல கெடக்கு! தொழிலுக்கு ஏத்தி வச்ச அரிசி மூட்ட மொத்தமும் நனஞ்சு போச்சு!"

கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. சிலுவைமுத்து வந்து யேசுதாசனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லா ஒழுவுது அண்ணே. இனி பயமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மீசை?"

திங்கள் விடியற்காலையில் ஐந்து பேரும் ஏறினார்கள். யேசுதாசன் மீசையில்லாமல் கரையில் நின்று கையாட்டினார்.

ஃபாதர் தெளித்தது அரை டம்ளர் தண்ணீர். சனிக்கிழமை மழை பெய்திருந்தது.