மூன்றாம் கரண்டி உப்பு

கற்றறிந்த பெருமக்களே! எழுதிப் பழகாத கை இது. பள்ளியில் பயின்ற இலக்கணத்தை மட்டுமே ஊன்றுகோலாய்க் கொண்டு, முதன்முதலாக ஒரு கதையைத் தங்கள் திருமுன் வைக்கத் துணிந்தேன். அதுவும் அரசரைப் பற்றியதன்று, வீரரைப் பற்றியதன்று. ஒரு சட்டிக் கருவாட்டுக் குழம்பைப் பற்றியது. நடையில் யான் இடறுமிடத்து, இக்கதையில் வருவோர் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டது போலத் தாங்களும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கோலாலம்பூர் மாநகரின் நடுவண் நிலையத்தினின்றும் புறப்படும் மின்தொடர்வண்டிகள் வெள்ளிப் பாம்புகளென நெளிந்து நாற்றிசையும் பிரிய, பூக்கடைகளில் நீர் தெளிக்கப்பெற்ற மல்லிகைச் சரங்கள் ஈரங்குலையாது தொங்க, நோன்பு மாதமாதலின் பிற்பகலில் விரியவிருக்கும் உணவுச் சந்தையின் கூடாரக் கால்கள் மட்டும் தெருவோரத்தே நடப்பட்டு நிற்க, பிரிக்பீல்ட்ஸ் நகர்ப்பகுதி முற்பகல் வெயிலில் மெல்ல மெல்ல வெதும்பிக்கொண்டிருந்தது. அத்தெருக்களுள் ஒன்றன் கடைக்கோடியிலே, மழையால் நிறம் மங்கிய அடுக்ககம் ஒன்றன் நான்காம் மாடியில், அமுதவள்ளி என்னும் அம்மையார் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போருக்குப் புறப்படுபவர்போல் முந்தானையை இடுப்பிற் செருகிக்கொண்டார்.

அன்று அவர்தம் கணவர் இராமலிங்கத்தின் மூன்றாமாண்டு நினைவுநாள். மகள் மணமாகிக் கடல்கடந்து போய்விட, தனித்து வாழும் அவ்வம்மையாரின் வாயிலில் பதினொரு சோடிச் செருப்புகள் ஒருங்கே கிடப்பது ஆண்டில் அந்த ஒருநாள்தான். பந்திங்கிலிருந்தும் செராசிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கணவர்வழிச் சுற்றத்தார் வந்து கூடுவர். இலை விரித்து, இறந்தவர் விரும்பியுண்ட கருவாட்டுக் கத்தரிக்காய்க் குழம்பை முதற்கண் படைத்து, பின்னர் எல்லாரும் அமர்ந்து உண்பர்.

இதில் ஒரு முறைமையுண்டு. படையலுக்கு ஆக்கும் எதனையும் படைக்குமுன் நாவில் வைத்தலாகாது. கொதிக்கும் சட்டியின்மேல் முகங்கவித்து, எழும் ஆவியின் மணத்தாலேயே உப்பின் அளவை உணர்ந்துகொள்வர் அக்குடும்பத்துப் பெண்டிர். அமுதவள்ளியோ அக்கலையில் முப்பதாண்டுகள் பிழையறியாதவர். ஆனால், சென்ற ஆண்டு வந்த கொடுங்காய்ச்சல் நீங்கியபோது, போகிற போக்கில் அவருடைய மணமறியும் புலனையும் உடன்கொண்டு போயிற்று. மல்லிகையும் சாக்கடையும் அவருக்கு ஒன்றாயின. சென்ற ஆண்டுப் படையலில் குழம்பு உப்பின்றிச் சப்பென்றிருக்க, கணவரின் தங்கை இராஜம்மாள், "இந்த வயசுல அண்ணிக்கு எதுக்குச் சிரமம்? அடுத்த வருசம் கிள்ளான்ல நம்ம வீட்டுலயே வச்சுக்கலாம்" என்று எல்லார் முன்னும் சொல்லிவிட்டார். அன்று எப்படியோ மறுத்துத் தப்பிய அமுதவள்ளிக்கு, இன்றும் பிழைபட்டால் மறுப்பதற்குச் சொல்லொன்றும் எஞ்சாது.

அவர் மறைத்து வைத்ததை அறிந்தவர் ஒருவரே: எதிர்வீட்டு ரசியா. பால் தீய்ந்து புகைந்தும் அறியாது அமுதவள்ளி அமர்ந்திருந்த ஒரு மாலையில், ஓடிவந்து அடுப்பை அணைத்தவர். இருவர் அடுக்களைச் சாளரங்களும் குறுகிய காற்றுவெளி ஒன்றன் இருபுறமும் எதிரெதிரே அமைந்தவை.

"நோன்பு வச்ச மூக்கு இது, அக்கா! பத்து மணி ஆயிட்டா கீழ் மாடியில யாரு வீட்டுல என்ன தாளிக்கிறாங்கன்னு ஒப்பிச்சுருவேன்" என்று முந்தைய நாளே சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார் ரசியா. "நீங்களும் வாயில வைக்கக் கூடாது, நானும் வைக்கக் கூடாது. பொருத்தமாத்தான் சேர்ந்திருக்கோம். நான் ஒரு தடவை இருமினா ஒரு கரண்டி உப்பு போடுங்க. மூடியைத் தட்டினா போதும்னு அர்த்தம்."

"ராஜம்மா வர்றதுக்குள்ள முடிச்சிரணும், ரசியா."

"முடிச்சிரலாம் லா. கவலைப்படாதீங்க."

ஆயின் இராஜம்மாளோ சொன்ன நேரத்திற்கு ஒரு மணிநேரம் முன்னதாகவே வந்து நின்றார். குருதியழுத்த நோயால் சற்றே மூச்சிரைக்க, நாளிதழில் இறுகச் சுற்றிய பொதியொன்றைக் கையிலேந்தி வாயிலில் நின்ற அவர், ஏனோ ஒரு நொடி அண்ணியின் முகத்தையே உற்று நோக்கினார்.

"வா ராஜம்மா. லோகன் வரலையா?"

"கீழ காடியை நிறுத்த இடம் தேடிக்கிட்டு இருக்கான்" என்றவர், எதையோ எதிர்பார்ப்பவர்போல் மேலும் சற்று நின்றார். பின்பு பொதியுடன் வெளிநடைக்கே மீண்டு, தம் மகன் லோகனைத் தொலைபேசியில் அழைத்துத் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு, வெறுங்கையராய் உள்ளே வந்து, அடுக்களை முக்காலியில் அமர்ந்துகொண்டார்.

"ஒரு கை குடுக்கட்டா, அண்ணி?"

"நீ உக்காரு. சட்டியை நான் பார்த்துக்கிறேன்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க."

ஊசிமுனையன்ன அச்சொல் தைத்த இடத்தை வெளிக்காட்டாது, அமுதவள்ளி புளியைக் கரைத்து ஊற்றினார். கடைக்காரர் இம்முறை புதுக்கருவாடு கொடுத்திருந்தாராதலின், அதனுள் எவ்வளவு உப்பு உறைந்திருக்கிறதென்பது அவருக்குச் சிறிதும் தெரியாது. குழம்பு கொதித்தது. வழக்கம்போல் முகங்கவித்து ஆவியை உள்ளிழுத்தார். முகத்தில் வெம்மை பட்டது, வேறொன்றும் பட்டிலது. காது மட்டும் சாளரத்தின் வழியே அப்பாலிருந்தது.

எதிர்ச்சாளரத்தில் ஓர் இருமல். அமுதவள்ளி ஒரு கரண்டி உப்பிட்டார். சிறிது பொழுது கழித்து மற்றோர் இருமல். இரண்டாம் கரண்டியும் விழுந்தது.

"பக்கத்து வீட்டுல யாரு இப்படி இருமுறது? மருந்து வாங்கிக் குடுக்கக் கூடாதா?" என்றார் இராஜம்மாள்.

"நோன்பு. தொண்டை காஞ்சிருக்கும் பாவம்" என்றார் அமுதவள்ளி, தாம் மொழிவதன் மெய்ம்மை தமக்கே புலப்படாமல்.

அந்தோ, அச்சொல் மெய்யாயிற்று! தாளிப்பதற்காக அவர் காய்ந்த மிளகாயை எண்ணெயிலிட, அதன் காரப்புகை காற்றுவெளியில் அடைபட்டு ரசியாவின் சாளரத்துள் புகுந்தது. விடியலுக்கு முன்னர் அருந்திய நீரையன்றி வேறு நீரறியாத தொண்டை. நனைத்துக்கொள்ள ஒரு மிடறும் பருகலாகாத வேளை. அடக்கியும் அடங்காது வெடித்து வந்தது அந்த மூன்றாம் இருமல். குறியன்று அது, வெறும் இருமல். அமுதவள்ளி மூன்றாம் கரண்டியைச் சட்டியிற் கவிழ்த்த அதே நொடியில், மூடியைத் தட்டும் ஓசை பதைபதைத்து எழுந்தது. வேண்டா வேண்டா என்று அலறிய அவ்வோசையைப் போதும் என்று பொருள்கொண்டு, நெஞ்சு குளிர்ந்து அடுப்பைத் தணித்தார் அம்மையார்.

நண்பகலில் வாயில் செருப்பால் நிறைந்தது. இலை விரித்து, விளக்கேற்றி, சூடம் காட்டி, எல்லாரும் கைகூப்பினர். படைத்ததில் ஒரு பிடி காக்கைக்கென மாடத்தில் வைக்கப்பட்டது. எங்கிருந்தோ வந்த காக்கையொன்று அலகால் ஒருமுறை கொத்தி, தலையை இருபுறமும் உதறி, வந்த வழியே பறந்துபோயிற்று.

"மாமா இன்னைக்கு ரொம்ப அவசரத்துல இருக்கார் போல" என்றான் லோகன். சிலர் சிரித்தனர். அமுதவள்ளி மட்டும் காக்கை விட்டுப்போன பிடியையே நோக்கினார்.

பந்தியில் முதலிலை இராஜம்மாளுக்கு. பதினொருவர் உண்ணும் கூடத்தில் அமுதவள்ளி அந்த ஒரு கையையே கண்டார். அது சோற்றைப் பிசைந்தது, உருட்டியது, வாய்க்குச் சென்றது. இராஜம்மாளின் இமைகள் ஒருமுறை இறுக மூடித் திறந்தன. பின்பு அவர் மென்றார், விழுங்கினார், அடுத்த பிடியை எடுத்தார்.

லோகனால் பொறுக்க இயலவில்லை. "என்னங்க அத்தை, கருவாடு கடலையும் கையோட கூட்டிக்கிட்டு வந்திருச்சா?"

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுடா!" என்று அதட்டினார் இராஜம்மாள். "உங்க மாமாவுக்கு உப்பு தூக்கலா இருந்தாத்தான் சோறு இறங்கும். உனக்கென்ன தெரியும்? அண்ணி, எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க."

அமுதவள்ளி அகப்பையால் மொண்டு ஊற்றினார். இராமலிங்கம் வாழ்நாளெல்லாம் உப்பைக் குறைத்தே உண்டவர். அதை அம்மையார் அறிவார். அவர் தங்கையும் அறிவார். உப்பைத் தொடலாகாதென்று மருத்துவர் விலக்கிய அந்நோயாளி, இரண்டாம் முறையும் குழம்பூற்றி, இலையில் ஒரு பருக்கையும் எஞ்சாமல் உண்டு முடித்தார். அவர் உண்ணவே, ஏனையோரும் நீரைக் குடித்துக் குடித்து ஒருவாறு உண்டு எழுந்தனர்.

சுற்றத்தார் விடைபெற்றுச் சென்றபின், அடுக்களையில் இருவர் மட்டும் நின்றனர்.

"எத்தனை நாளா, அண்ணி?" என்றார் இராஜம்மாள், ஏனங்களைக் கழுவியபடியே.

"ஒரு வருசம்" என்று விடையிறுத்த அமுதவள்ளி, "உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"வாசல்லயே. அண்ணனுக்குப் புடிக்கும்னு டுரியான் பழம் கொண்டு வந்தேன். லிஃப்டுல வந்தவங்க எல்லாம் மூக்கைப் புடிச்சாங்க. நீங்க கதவைத் திறந்து, லோகன் வரலையான்னு கேக்குறீங்க. ஆளுங்க வந்து மோந்தா நீங்க மாட்டிக்குவீங்கன்னுதான் வெளியவே வச்சுட்டு, அவனை வந்து காடிக்கே எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன்." நீர்க்குழாயை அடைத்துவிட்டு, முகந்திரும்பாமலே தொடர்ந்தார்: "நீங்க மூணாவது கரண்டி போடறதையும் பார்த்தேன். கையைப் புடிச்சிருக்கலாம். புடிச்சா, எனக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும்னு சும்மா இருந்துட்டேன். தப்புதான்."

அமுதவள்ளி எஞ்சிய குழம்பைக் கழுவுதொட்டியிற் கவிழ்த்தார். தாம் ஓராண்டாய் அஞ்சி அஞ்சி மறைத்தது எவரிடமோ, அவரே தம் உயிருக்குக் கேடென்றறிந்தும் அதனை மென்று விழுங்கி மூடி மறைத்ததை எண்ண எண்ண, போரிடுவதற்கென்று நெஞ்சில் அடுக்கி வைத்திருந்த சொற்களெல்லாம் வெயிலிற் பட்ட பனியெனக் கரைந்தன. முப்பத்தோராண்டுகளாய்த் தாம் ஆண்ட மண்சட்டியைக் கழுவித் துடைத்து, பழந்துணியிற் பொதிந்து, நாத்தனாரின் கைகளில் வைத்தார்.

"அடுத்த வருசம் கிள்ளான்ல வச்சுக்குவோம், ராஜம்மா. நான் ரயில்ல வந்துருறேன்."

வேண்டாமென்று ஒப்புக்கேனும் சொல்லியிருக்கலாம் இராஜம்மாள். சொல்லவில்லை. சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, "மூடிட்டுக் கொதிக்க விடணுமா, திறந்தா, அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

"திறந்து" என்றார் அமுதவள்ளி.

பொழுது சாய்ந்து, நோன்பு துறக்கும் அழைப்பொலி அடங்கியபின், எதிர்ச்சாளரம் திறந்தது. ரசியாவின் கண்கள் கலங்கியிருந்தன. "அக்கா, அந்த மூணாவது இருமல்... அது நானா இருமினது இல்ல. மூடியைத் தட்டுறதுக்குள்ள... குழம்பு கரிச்சுச்சா?"

"சேச்சே! கச்சிதமா இருந்துச்சு. ராஜம்மா ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. நீ முதல்ல போயி தண்ணியைக் குடி."

பெருமக்களே, அந்நாளில் போனவற்றை உள்ளவாறு உரைத்து அடியேன் அமைகிறேன். பாதிச் சட்டிக் குழம்பு, கழுவுதொட்டியிற் போயிற்று. டுரியான் என்னும் முள்நாறிப்பழம் ஒன்று, இறந்தவர் இலையை எட்டாமலே போயிற்று. ஒரு மண்சட்டி, கிள்ளானுக்குப் போயிற்று. ஒரு புலன், முன்னரே போனது, இன்றளவும் மீளவில்லை. பதினொரு சோடிச் செருப்பு, அவ்வாயிலுக்கு இனி வாரா. வேறொன்றும் போகவில்லை.