பன்னிரண்டு ஆகட்டும்

மஞ்சளா, பச்சையா என்று இன்னும் எத்தனை தரம்தான் என்னையே கேட்டுக்கொள்வது, வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது, எனக்கு முன்னால் இருபது பேர் இருப்பார்களா, அந்த இருபது பேர் உள்ளே போய் வருவதற்குள் புத்தி வந்துவிடுமா என்ன, ஒரு வருடம் நாலு மாதமாக வராத புத்தி... பின்னால் நிற்கிற ராஜா என் முதுகில் இரண்டு விரலால் தட்டி, “பதண்டி, பதண்டி” என்கிறார், தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் நகரத்தானே வேண்டும், நகர்கிறேன். அவருக்கென்ன, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவோடு வந்திருப்பார், நெற்றியில் சந்தனம் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு வந்தவர் போல நிற்கிறார். பள்ளிக்கூடத்துக்குள்ளே ஓலைத்தட்டி மறைவில் இரண்டு பெட்டிகள் வைத்திருக்கிறார்களாம், ஒன்றுக்கு மஞ்சள் வர்ணம், ஒன்றுக்குப் பச்சை, கையில் கொடுக்கிற சீட்டைப் பிடித்த பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான், எழுத்துத் தெரியாதவர்களுக்குக்கூடச் சுலபமான காரியம். எனக்கு எழுத்தும் தெரியும், எஞ்சினும் தெரியும், பருத்தி ஜின்னிங் பேக்டரியில் எண்ணெய் எஞ்சின் இருமினால் எங்கே கோளாறு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவேன், ஆனால் அந்த இரண்டு பெட்டிக்கு முன்னால் நின்று முழி முழி என்று முழிக்கப் போகிறேன்.

கிருபாபாய் இந்நேரம் போட்டிருப்பாள். அவளுக்கு இங்கே ஓட்டு இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு தின்கிற புருஷன் பெண்டாட்டிக்கு இரண்டு ஊரில் ஓட்டு, சர்க்கார் செய்த வேடிக்கை இது, என் பெயர் பொது வாக்காளர் ஜாபிதாவில், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் கிருபாபாய் பெயர் கிறிஸ்தவர்கள் ஜாபிதாவில், அவர்களுக்குத் தனித் தொகுதி, தனி ஆட்கள், தனிப் பெட்டி. ஜாபிதா எழுத வந்தவன் வாசலில் நின்று அவளை நீ எந்த ஆள் என்றான், என்னை நீ எந்த ஆள் என்றான், பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியதில் நாங்களே அவ்வளவு சுத்தமாகப் பிரிந்து நின்றதில்லை. காலையில் பஸ் ஏற்றிவிடப் போனேன். “நீங்க வர வேண்டாம், உங்களுக்கு இங்கதான வரிசை, போட்டுட்டு மத்தியான பஸ்ல வந்திருதேன்” என்றாள். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, “வந்து உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். இப்பவே சொல்லேன் என்றேன், வந்து சொல்லுதேன் என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். என்ன சொல்லப் போகிறாள்... போன வாரம் சர்ச் கமிட்டி ராஜரத்தினம் இரண்டு தரம் வீட்டுக்கு வந்துபோனார், நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோனது, ஓட்டுக் கேட்கத்தான் வந்திருப்பார். ஓட்டுக் கேட்கிற முகத்தைப் பார்! அந்த முகத்துக்கு இவள் எப்படித்தான் காப்பி போட்டுக் கொடுத்தாளோ, நானாயிருந்தால் செம்பைத் தூக்கி எறிந்திருப்பேன்.

எறிந்து என்ன ஆகப் போகிறது, தப்பு ராஜரத்தினத்திடமா இருந்தது, தப்பு எங்களிடம், அதுவும் முக்கால்வாசி என்னிடம். செல்லக்கனி பிறந்தபோது நானும் கிருபாவும் கையடித்துப் பேசிக்கொண்டோம், இவளுக்கு ஞானஸ்நானமும் வேண்டாம், அய்யனார் கோவிலில் முடியிறக்கிக் காது குத்தவும் வேண்டாம், பன்னிரண்டு வயது ஆகட்டும், விவரம் தெரியும், அவளே பார்த்து எந்தப் பக்கம் என்று சொல்லட்டும். எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு, ஊரில் எவனுக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றிவிட்டதாம். துளையில்லாத காதும் இடுப்புவரை முடியுமாக வளர்ந்தாள், தெருப்பிள்ளைகள் மூளிக்காது மூளிக்காது என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடும், இவளும் கூடவே கத்திக்கொண்டு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு சர்ச்சுக்குப் போய்ப் பாட்டுப் பாடுவாள், ஆடி அமாவாசைக்கு என் தோளில் ஏறி அய்யனார் கோவில் அருவியில் குளிக்க வருவாள். “யப்பா, நான் அம்மா ஆளா, உங்க ஆளா?” என்று கேட்பாள். “பன்னெண்டு ஆகட்டும், பொறவு நீயே சொல்லு.” “பன்னெண்டுக்கு இன்னும் எம்புட்டு இருக்கு?” விரலை மடக்கிக் காட்டுவேன், அம்புட்டா என்று உதட்டைப் பிதுக்குவாள். என்ன நினைத்துக் கேட்டாள், சொல்ல ஏதாவது வைத்திருந்தாளா, நான் அதைக்கூடக் கேட்டதில்லையே, பெரிய நியாயஸ்தன்.

எட்டு வயதில் போய்விட்டாள். முந்தின வருஷம் ஐப்பசியில் ஊரெல்லாம் வாந்திபேதி, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது என்று பிறகு சொன்னார்கள், பிறகு சொல்லி என்ன. காலையில் படுத்தவள், விளக்கு வைக்கும்போது இல்லை. நடுவில் அவள் கேட்டதெல்லாம் தண்ணீர்தான். யப்பா தண்ணி, யப்பா தண்ணி... பேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் தங்காது என்று வந்தவர் போனவர் எல்லாரும் சொன்னார்கள், கிருபா தம்ளரை எடுத்துக்கொண்டு வந்தாள், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன், தண்ணீர் பாயில் சிந்தியது, பிள்ளை அந்த ஈரத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தூக்கிப் போக இடமில்லை. ஞானஸ்நானச் சீட்டு இல்லாமல் கல்லறைத் தோட்டத்தில் எப்படி இடம் கொடுக்கிறது என்று ராஜரத்தினம் கையைப் பிசைந்தார். என் பெரியப்பா பேச்சிமுத்து, அப்பாவுக்கு அண்ணன், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், “முடியெறக்கல, காது குத்தல, எந்தச் சாமி புள்ளைன்னு சொல்லி நம்ம மண்ணுல வைக்க? எல்லாரும் என்னையில்லா கேப்பாவ” என்றார். கடைசியில் ஜின்னிங் முதலாளிதான் அய்யனார் கோவில் பாதையில் தன்னுடைய ஓடைக்கரைத் தோப்பில், வேலிக்கு வெளிப்பக்கமாக ஒரு மூலை காட்டினார். சிலுவை வைக்க எனக்கு மனமில்லை, சூலம் வைக்க அவளுக்கு மனமில்லை, பேக்டரியில் உடைந்து கிடந்த பல்சக்கரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் ஊன்றினேன். மழை பெய்தால் துருத்தண்ணீர் இறங்கி மண் சிவந்து கிடக்கும்.

அந்தச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இப்போது முளைக்குச்சி அடித்திருக்கிறார்கள். மலைத் தண்ணீரைக் குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவரப் போகிறார்களாம், ஓவர்சியர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, தலையில் சுண்ணாம்பு பூசிய குச்சிகளைத் தோப்பு நெடுகிலும் அடித்துவிட்டுப் போனார். பெரியப்பா இப்போது கதர்ச் சட்டை, மஞ்சள் பெட்டிக்கு அவர்தான் எங்கள் தெருவில் எல்லாம். “ஏலே ஐயாதுரை, மொதலாளி பக்கம் சாஞ்சிராத. நம்ம பெட்டி ஜெயிச்ச மறுமாசமே தோண்டிருவோம், வீட்டு வாசல்ல தண்ணி வரும்லே” என்றார். “தோப்புல செல்லக்கனி இருக்கா பெரியப்பா” என்றேன். மனிதர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், “ஊருக்குத் தண்ணி வேணும்லா” என்றார். வேண்டும்தான், வேண்டாம் என்று எவன் சொன்னாலும் நான் சொல்லக்கூடாது... வெள்ளைக்காரன் போக வேண்டும் என்பதிலும் எனக்கு இரண்டு பேச்சில்லை, ஆனால் மேடையில் எல்லாரும் ஒரு தாய் மக்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிற இந்த மனிதர் ஆறடிகூட வேண்டாம், நாலடி மண் தரவில்லையே. சரி, பச்சைக்குப் போடு என்றால், அது முதலாளியின் பெட்டி. சாதி வேண்டாம், மதம் வேண்டாம் என்று அவர்கள் பேசுவது எனக்குப் பிடித்த பேச்சு, கூட்டத்தில் ஒருநாள் என்னையும் கிருபாவையும் எழுந்து நிற்கச் சொல்லி, இவர்களைப் பாருங்கள் என்று கைதட்ட வைத்தார்கள். அதே கை மறுநாள் வெள்ளைக்காரத் துரைக்கு மாலை போடுகிறது. “நான் இருக்கற வரைக்கும் எந்தப் பயலும் அந்தத் தோப்புல மம்பட்டி வைக்க முடியாது” என்று முதலாளி என்னிடம் சொன்னார், என் பிள்ளைக்காகச் சொன்னார் என்று கண் கலங்கிவிட்டது எனக்கு, அடுத்த வாக்கியமே ஓடைத் தண்ணீர் குறைந்தால் மாமரம் காய்ந்துவிடும் என்று வந்தது. பச்சை ஜெயித்தால் குச்சியைப் பிடுங்கிவிடுவார்கள், செல்லக்கனி இருந்த இடத்தில் இருப்பாள். மஞ்சள் ஜெயித்தால் வெட்டுவார்கள். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்கிறாயா, ஆகாமல் போகலாம், ஆனால் வெட்டு என்று சொன்ன கைகளில் என் கை ஒன்றா இல்லையா என்பது எனக்குத் தெரியுமே.

வாசற்படி வந்துவிட்டது. பெயரைக் கேட்கிறார்கள். “ஐயாதுரை, தகப்பனார் சுடலைமுத்து?” ஆமாம் என்கிறேன், ஜாபிதாவில் கோடு போட்டுச் சீட்டைக் கொடுக்கிறார்கள், இவ்வளவு சின்னக் காகிதமா. வகுப்பு மூலையில் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிற மண்பானை, போலீஸ்காரர் ஒருவர் தம்ளரில் மொண்டு அண்ணாந்து குடிக்கிறார், மடக் மடக் என்று தொண்டை ஏறி இறங்குகிறது, மீசையில் வழிகிறது, மீதியை ஜன்னல் வழியாக வீசி எறிகிறார், எவ்வளவு தண்ணீர்... பார்க்காதே, உள்ளே போ. தட்டி மறைவில் மஞ்சள் இடது பக்கம், பச்சை வலது பக்கம், இரண்டும் வர்ணம் அடித்த வெறும் பெட்டிகள்தான், மேலே வாய் மட்டும் இருக்கிறது. பச்சையில் போட்டுவிடு, அப்பன் என்று இருந்ததற்கு அந்த நாலடி மண்ணையாவது காப்பாற்று என்று சீட்டை அந்த வாயில் வைத்தேன், பாதி உள்ளே போய்விட்டது. பாயில் சிந்திய ஈரத்தைப் பார்த்த அந்தக் கண்... இந்த ஊரில் இன்னும் எத்தனை பிள்ளைகள் தெருவில் ஓடுகின்றன, மூளிக்காது மூளிக்காது என்று, அதே கிணற்றில்தானே குடிக்கின்றன. இழுத்தேன். சீட்டு கீழே விழுந்து, குனிந்து எடுத்து, வெளியே ராஜா, “ஏமய்யா, உள்ளயே படுத்துட்டீரா” என்று சத்தம் போட, மஞ்சளில் போட்டேன். போட்டுவிட்டேன். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மன்னிச்சுக்கோ கண்ணு, உன்னைத் தோண்டச் சொல்லிவிட்டேன், உனக்கு மறுத்த தண்ணீரை உன் மேலே ஓட விடச் சொல்லிவிட்டேன், இது பிராயச்சித்தமா இன்னொரு பாவமா, எனக்குத் தெரியவில்லை.

வெளியே வெயில் கண்ணைக் குத்துகிறது. எதிரே வேப்பமரத்தடியில் கிருபாபாய் நிற்கிறாள், பஸ் வந்துவிட்டது போல, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். போட்டாச்சா என்றாள், போட்டாச்சு என்றேன். எதில் என்று கேட்பாள், என்ன சொல்ல, பொய் சொல்லலாமா என்று பார்த்தேன், அவள் கேட்கவில்லை. “ராஜரத்தினம் ஐயா சொன்ன பெட்டியிலயே போட்டுட்டேன்” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். “தேர்தல்ல நிக்கிற அந்த ஆளு யாரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது. புள்ளையக் கல்லறைத் தோட்டத்துக்கு மாத்திக்கிடலாம்னு கமிட்டியில சொல்லிட்டாவ. எழுதியே குடுத்துட்டாவ. தோப்புல எப்படியும் ஒருநாள் தோண்டிப் போட்டுருவாவ, எனக்கு ராத்தூக்கமே இல்ல, அதான்...” ஞானஸ்நானச் சீட்டுக்கு என்ன செய்தாய் என்றேன். “நோவுல கெடக்கும்போது நானே தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுத்தேன்னு எழுதச் சொன்னேன். அவசரத்துக்கு யாரு குடுத்தாலும் செல்லுமாம்.” நிஜமாகவே தெளித்தாயா, எப்போது, நான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பார்க்கத் தெருமுனைக்கு ஓடினேனே, அந்தச் சித்த நேரத்திலா, உதட்டில் பட்டதா, ஒரு சொட்டாவது குடித்தாளா... கேட்டேன். அவள் அழுதாள். எனக்குக் கோபம் வர வேண்டும், என்னைக் கேட்காமல் என் பிள்ளையை ஒரு பக்கம் சேர்த்துவிட்டாளே என்று வர வேண்டும், வரவில்லை, எந்த வாயால் கேட்பேன், அவளைக் கேட்காமல் நானும்தானே இப்போது... அவள் அங்கே, நான் இங்கே, ஒரே காலையில் இரண்டு ஊரில் நின்று இரண்டு பேருமே மண்ணை வெட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். பின்னாலேயே வெளியே வந்த ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகிறார். கிருபா என் கையைப் பிடித்தாள், நான் அன்றைக்குப் பிடித்துத் தடுத்த அதே கை, வீட்டுக்குப் போவோம் என்றாள், நடந்தோம். நடக்க நடக்க மனசு விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வருகிறது, வருகிற ஆவணியில் செல்லக்கனிக்குப் பத்து முடியும், பன்னிரண்டுக்கு அதன் பிறகு இரண்டு வருடம்தான், அதுவரை எங்கள் இரண்டு பேருக்கும் பொறுக்கவில்லை.