துரை மிதித்த பிரேக்

முடிச்சூர் ரோட்டில் இருக்கும் வில்பிரட் சாரின் ஒர்க்‌ஷாப்புக்கு பிரேக் டெஸ்ட் மெஷின் வந்த நாளிலிருந்து மெக்கானிக் துரைக்குச் சோறு இறங்கவில்லை. மெஷின் என்ன பாவம் செய்தது? தரையில் பதித்த உருளைகள், சுவரில் ஒரு திரை. முன்சக்கரங்களை உருளைமேல் நிறுத்தினால் அது சக்கரத்தைச் சுற்றிவிடும். பிரேக்கை மிதித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு பிடிக்கிறது என்று திரை காட்டும். அவ்வளவுதான். ஆனால் அதை ஜெரோமிடம் ஒப்படைத்தார்களே, அங்கேதான் துரைக்கு வயிறு எரிந்தது.

பின்னே? இத்தனை வருஷமாய் அங்கே பிரேக் என்றால் துரைதான். வண்டியைப் படப்பைப் பக்கம் விரட்டிப் போய், காலி ரோடாகப் பார்த்து ஓங்கி ஒரு மிதி மிதிப்பான். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று உடனே சொல்லிவிடுவான். ஜெரோம் நேற்று வந்தவன். பயிற்சிக்குப் போய் வந்துவிட்டால் கொம்பு முளைத்துவிடுமா? அவன் சிரித்தால்கூடத் துரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று காலை கோவிலம்பாக்கத்திலிருந்து நித்யஸ்ரீ மேடம் வந்தார். துரையைத் தவிர வேறு யாரையும் தன் காரைத் தொட விடாதவர். பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார். துரை சாவிக்குக் கை நீட்டினான்.

"ஜெரோம் மெஷின்ல போட்டுப் பார்க்கட்டும் துரை. ரோட்ல எதுக்கு ரிஸ்க்?" என்று மேடம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

துரைக்கு முகம் செத்துவிட்டது. ஜெரோம் டீக்கடைக்குப் போன நேரம் பார்த்துச் சாவியை எடுத்தான். இது என்ன பெரிய வித்தையா என்று கறுவிக்கொண்டே காரை மெஷின்மேல் ஏற்றினான். யாரும் குறுக்கே வராதபடி ஜெரோம் முன்னும் பின்னும் சங்கிலி கட்டிவிட்டுத்தான் தொடங்குவான். துரைக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? உருளை சுற்றத் தொடங்கியது. மெஷினில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். துரையோ, படப்பை ரோட்டில் மிதிப்பதுபோல் ஓங்கி ஒரே மிதி மிதித்தான்.

சக்கரம் பூட்டிக்கொண்டது. சுற்றிய உருளை காரைப் பின்னால் உதறித் தள்ளியது. காருக்குப் பின்னால் மேடம் போன் பேசிக்கொண்டு நின்றிருந்தார். திரும்பி வந்துகொண்டிருந்த ஜெரோம் டீயைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து அவரை இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ! கார் சுவரில் இடித்து நின்றது.

வில்பிரட் சார் ஓடி வந்தார். துரை காரைவிட்டு இறங்கினான்.

"நான்தான் சார் அண்ணனை ஏத்தச் சொன்னேன். சங்கிலி கட்டாம போனது என் தப்பு" என்றான் ஜெரோம்.

சார் அவனைப் பிடித்துத் திட்டினார். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். மேடம் அவனை அத்தனை கனிவாகப் பார்த்தார். அதைப் பார்த்ததும் துரைக்கு நெஞ்சு கொதித்தது. வேலையையும் எடுத்துக்கொண்டான், மேடத்தையும் எடுத்துக்கொண்டான், இப்போது நல்லவன் என்ற பேரும் இவனுக்கேவா?

"பொய் சொல்றான் சார். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் சொல்லாம ஏத்துனேன்" என்றான் துரை.

சார் பேச்சை நிறுத்தினார். இந்தக் காலத்தில் யார் இப்படித் தானாக ஒத்துக்கொள்கிறார்கள் என்று மேடம் மெச்சினார். பேசியது மனசாட்சி இல்லை, பொறாமை என்று துரை எப்படிச் சொல்வான்?

ஜெரோம் கிட்டே வந்து அவன் தோளைத் தொட்டான். கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ணா."